திருநீறு பூசிய ட்ரெயிலர்

யோகமலர் அக்கா எங்கள் ட்ரெயிலரின் முன்பக்க இரும்பில் மூன்று குறியாகத் திருநீறு பூசி வைத்திருந்ததைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின நாள்தான் எங்கள் பாதர் வந்து, தீர்த்தம் தெளித்து, அதை மந்திரித்துவிட்டுப் போயிருந்தார். ஞாயிறு பூசை முடிந்து நேரே வந்து பார்த்தால் ட்ரெயிலர் சைவமாகி நிற்கிறது.

"அக்கா, இது மாதா கோயிலுக்குப் போற வாகனம்," என்றேன்.

"போகட்டுமே. நிக்கிறது என்ர வாசலில எல்லோ? என்ர வாசலில நிக்கிற வாகனத்துக்கு நான் பூசாமல் விடுவனோ? ரெண்டும் கிடக்கட்டும். ஒண்டோட ஒண்டு சண்டைக்குப் போகாது," என்றார் யோகமலர் அக்கா.

வாசல் அவருடையதுதான். கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த டவுன்ஹவுஸ் வரிசையில், இப்படிக் காருக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளே படுத்துத் தங்குகிற ட்ரெயிலர் எல்லாம் நிறுத்த விடமாட்டார்கள். இரண்டு தெரு தள்ளிச் சொந்த வீட்டில் இருந்த யோகமலர் அக்காவும் அவருடைய கணவர் பத்மநாதன் அண்ணையும்தான் தங்கள் வாசலைத் தந்தார்கள். குளிர்காலம் முழுக்க அது அங்கேதான் படங்கு மூடிக்கொண்டு கிடந்தது. இடம் தந்தவரோடு வாய் காட்ட முடியாது. எனவே ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு, அவர் உள்ளே போன பிறகு துடைத்துவிடலாம் என்று குனிந்தேன்.

குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

மூன்று வெள்ளைக் குறிகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கறுத்த கோடு ஓடியது. தலைமயிர் அளவுக்கு மெல்லியது. கை நடுங்கிக் கீறியதுபோல வளைந்து வளைந்து போனது. முதல்நாள் அங்கே அப்படி ஒரு கோடு இல்லை. பாதர் தீர்த்தம் தெளித்தபோது நான் பக்கத்திலேதான் நின்றேன்.

எனக்கு அந்தக் கோட்டை நன்றாகத் தெரியும். அதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஸ்காபரோவில் கார்ப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வெடிப்புப் பார்க்கும் மேசையில் நான் வேலை செய்தேன். இரும்பில் சிவப்பு மையைத் தடவி ஊறவிட்டு, மேலே உள்ளதைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியை அடித்தால் போதும். வெடிப்புக்குள்ளே போய் ஒளித்திருக்கிற மையைப் பொடி மெல்ல உறிஞ்சி வெளியே இழுக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வெள்ளையில் சிவப்பாக எழுந்து வரும். இங்கேயும் அதுதான் நடந்திருந்தது. சனிக்கிழமை என் கணவர் சீமோன், துருப்பிடித்து இறுகிய போல்ட்களைக் கழற்றுவதற்காக அந்த இடமெல்லாம் எண்ணெய் அடித்து, பிறகு துடைத்திருந்தார். யோகமலர் அக்கா குளித்துவிட்டு வந்து, திருநீற்றைத் தண்ணீரில் குழைத்துப் பூசியிருந்தார். திருநீறு காயக் காய, வெடிப்புக்குள் இருந்த எண்ணெயைத் துருவோடு சேர்த்து வெளியே இழுத்துவிட்டது.

"அக்கா! ஓடி வாங்கோ!" என்று கத்தினேன்.

அவர் ஓடி வந்து பார்த்து, வாயில் கை வைத்தார். "ஐயோ, குறி முறிஞ்சு போச்சே. சகுனம் சரியில்லையோ அன்ரனெற்?"

"சகுனமில்லை அக்கா. பிரேம் வெடிச்சிருக்கு. நீங்கள் பூசியிராட்டி நான் கண்டிருக்கவே மாட்டன்."

சற்றுமுன் துடைக்க எடுத்த துணியை மெல்லப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

இந்த ட்ரெயிலர் எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீமோன் கனடாவுக்கு முதலில் வந்துவிட்டார். நானும் இரண்டு பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில், கதவு தட்டுகிற சத்தத்துக்கெல்லாம் நடுங்கிக்கொண்டு இருந்தோம். அப்போது மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். தாயே, நாங்கள் நாலு பேரும் சேர்ந்துவிட்டால், உன் திருநாளுக்கு நாலு பேருமாக வந்து ஒரே கூரையின் கீழ் தங்கி, வருகிற சனத்துக்குக் கிடாரத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறேன் என்றேன். மாதா தன் பங்கைச் செய்துவிட்டார். நாங்கள் சேர்ந்துவிட்டோம். என் பங்குதான் கிடந்தது.

ஊரில் மடுக் கோயிலுக்குப் போகிற வழி யுத்தத்தில் அடைபட்டிருந்தது. பாதரிடம் கேட்டேன். எங்கே நின்று கூப்பிட்டாலும் தாய் ஒருத்திதான், கனடாவிலேயே தமிழ்ச் சனம் கூடுகிற மிட்லண்ட் மாதா திருநாளில் செய்யலாம் என்றார். அங்கேயும் மடுவைப் போலவே சனம் கூடாரம் அடித்துத் தங்குகிறது. முதல் வருடம் சீமோனுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருடம் என் கணவரின் தமையன் அல்பேட் அண்ணையின் வான் வண்டியில் அடைந்து போனோம். ஆண்கள் ஒரு கூடாரம், பெண்கள் ஒரு கூடாரம் என்று அவர் பிரித்துவிட்டார். ஒரே கூரை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. அந்த முறை நான் மாதாவின் முகத்தைப் பார்க்கக் கூசி, மெழுகுதிரியை மட்டும் ஏற்றிவிட்டு வந்தேன். அதனால்தான் போன இலையுதிர் காலத்தில் லின்ட்ஸே பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் இந்தப் பழைய ட்ரெயிலரை வாங்கினோம். இந்த வருடம் எங்கள் இருவருக்கும் ஓகஸ்டில் லீவு கிடைத்துவிட்டது. இனி எனக்குத் தட்டிக்கழிக்க ஒரு சாட்டும் இல்லை.

இப்போது பிரேம் வெடித்துக் கிடந்தது.

அன்று பின்னேரமே சீமோனையும் கூட்டிவந்து, ட்ரெயிலரைத் தாங்குகிற அடி இரும்புச் சட்டமான பிரேம் முழுவதையும் பார்த்தேன். தொழிற்சாலைச் சிவப்பு மை தொழிற்சாலையிலேயே இருக்கட்டும், களவெடுத்து நேர்த்தி செய்ய என்னால் முடியாது. இரும்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடைத்தோம். யோகமலர் அக்கா சாமியறையிலிருந்து ஒரு பெரிய பை திருநீறு கொண்டுவந்து தந்தார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

"நிலத்தில கொட்டினால் கால் படப்படாது. கீழ பேப்பரை விரியுங்கோ. மிஞ்சினதை ரோசாக் கண்டுக்கு ஊத்துவம்."

அப்படியே செய்தோம். பேப்பரை விரித்து, முதுகில் படுத்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை பூசினோம். காய்ந்ததும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். காரோடு கொளுவுவதற்காக முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கிற இடது இரும்பில் ஒன்று. உருளுகிற சில்லுக்கு மேலே, குலுக்கலைத் தாங்குகிற வில்லுத்தகடு பூட்டுகிற இடத்தில் இரண்டு புறமும் இரண்டு. ஆக மூன்று வெடிப்பு. மற்ற இடமெல்லாம் பால் வெள்ளை.

சீமோன் போனைத் தேடிப் போனார். நல்ல மனுஷன், ஆனால் ஒரு பிரச்சினை வந்தால் முதலில் தமையனுக்குத்தான் போன் எடுப்பார்.

அல்பேட் அண்ணை உடனே வந்துவிட்டார். அவர் ட்ரக் ஓட்டுபவர். ட்ரக் ஓட்டுகிறவனுக்கு நாலு சில்லில் ஓடுகிற எல்லாவற்றின் வயிற்றுக்குள்ளும் என்ன இருக்கிறதென்று தெரியும் என்பது அவருடைய நினைப்பு. ட்ரெயிலரைச் சுற்றி வந்து சில்லைக் காலால் உதைத்தார்.

"நான் அண்டைக்கே சொன்னனான்டா சீமோன். பழைய சாமான், பழைய சாமான்தான். பேசாமல் இரும்புக் கடையில தள்ளிப்போட்டு மோட்டல்ல ரெண்டு அறை எடு."

"மோட்டல்ல ரெண்டு அறையெண்டால் ரெண்டு கூரை அண்ணை," என்றேன் நான். "கிடாரத்தை மோட்டல் கட்டிலிலயோ வைக்கிறது?"

"உமக்கு எப்பவும் விதண்டாவாதம்தான். உந்த மெல்லிய கோட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமோ? தள்ள விருப்பமில்லாட்டி விடுங்கோ, நானே ஒரு இழுவை இழுத்து ஒட்டித் தாறன்."

"வேண்டாம் அண்ணை. உங்களுக்கு ஏன் கரைச்சல்," என்றேன், என்னால் முடிந்த அளவு மரியாதையாக.

மரியாதையாகச் சொன்னால் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் கேட்காது. அடுத்த வாரம் நான் வேலைக்குப் போயிருந்தபோது அல்பேட் அண்ணை யாரிடமோ வெல்டிங் மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு வந்து, முன் இரும்பில் வெடிப்பின் மேலே ஒட்டி, அதன்மேல் கறுப்புப் பெயின்ரும் அடித்துவிட்டுப் போய்விட்டார். சீமோன் பக்கத்தில் நின்று பெயின்ர் டின்னைப் பிடித்துக்கொடுத்திருக்கிறார்.

"வடிவாத்தானே இருக்கு?" என்று என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

வடிவாகத்தான் இருந்தது. புதுச் சப்பாத்துப் போலப் பளபளத்தது. நான் வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. பெயின்ரைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய் தடவி, ஊறவிட்டுத் துடைத்து, திருநீற்றைப் பூசிவிட்டுக் காத்திருந்தேன். ஒட்டின தடிப்பின் இந்த நுனியிலிருந்து ஒரு கோடு வெளியே வந்தது. அந்த நுனியிலிருந்தும் ஒரு கோடு வந்தது. நடுவில் மட்டும் மூடி, இரண்டு தலையையும் வெளியே விட்டிருந்தார். இந்த நிலையில் அதை நெடுஞ்சாலையில் இழுத்திருந்தால், போகிற போக்கில் இரண்டு பக்கமும் கிழிந்துகொண்டே போயிருக்கும்.

அன்றைக்கு நான் பேசிய பேச்சு மல்வேர்ன் முழுக்கக் கேட்டிருக்கும். என் பிள்ளைகள் படுத்திருக்கப் போகிற வண்டிக்குப் பெயின்ர் அடித்து ஏமாற்றப் பார்த்தீர்களா என்று கேட்டேன். உங்கட அண்ணைக்குப் போன் எடுக்கிற விரலை முறிப்பேன் என்றும் சீமோனிடம் சொன்னேன். எல்லாம் சொல்லி முடித்த பிறகு கோபம் தீர்ந்து, எனக்கு அழுகை வந்துவிட்டது. பேப்பர் விரித்த நிலத்திலேயே இருந்து அழுதேன்.

"அந்த லொட்ஜ் அறையில நான் வேற ஒருத்தரையும் கூப்பிடேல்லையப்பா. அந்தத் தாயைத்தான் கூப்பிட்டனான். நாலு பேரையும் சேர்த்து வைச்சவ. நான் இன்னும் குடுத்த வாக்கைக் காப்பாத்தேல்லை."

சீமோன் பக்கத்தில் வந்து குந்தினார். பிறகு, "எழும்பும், வாரும்," என்று கையைப் பிடித்துத் தூக்கினார். "என்னில பிழைதான். வாரும், பத்மநாதன் அண்ணையைக் கேப்பம்."

யோகமலர் அக்காவின் கணவர் பத்மநாதன் அண்ணை வெல்டிங் வேலைக்காரர்தான். படிக்கட்டுகளுக்கும் பல்கனிகளுக்கும் இரும்புக் கைபிடி செய்து பூட்டுகிறவர். ட்ரெயிலர் அவருடைய வாசலில் நின்றும் அதுவரை ஒரு சொல் சொல்லவில்லை. நாங்கள் கேட்டதும் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"தங்கச்சி, கைபிடி வெடிச்சால் ஒரு ஆள் விழும். உது ஃபோர் ஹன்ட்ரட் ஹைவேயில வெடிச்சால் ஒரு குடும்பம் போகும். வெடிப்பு எங்க முடியுதெண்டு தெரியாமல் நான் கை வைக்கமாட்டன். அதுதான் பேசாமல் இருந்தனான்."

"எங்க முடியுதெண்டு நான் காட்டினால்?"

"எப்பிடிக் காட்டுவியள்?"

நான் அவரை வெளியே கூட்டிவந்து, டோர்ச்சை அடித்துத் திருநீற்றைக் காட்டினேன். அவர் முழங்காலில் குந்தியிருந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெள்ளையில் கறுத்த கோடு ஓடி, ஓடி, ஓர் இடத்தில் நின்றது. அதற்கு அப்பால் சுத்த வெள்ளை.

"அட, என்ர மனுசியின்ர திருநீறோ இது?" என்றார். பிறகு நெற்றியைச் சொறிந்துகொண்டு, "சரி. சனிக்கிழமை தொடங்குவம்," என்றார்.

அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். காஸ் சிலிண்டர்களையும் பற்றரியையும் கழற்றித் தூர வைத்தோம். ட்ரெயிலரின் அடித்தளம் மரப்பலகை என்பதால் தீப்பொறி பட்டுவிடாமல் ஈரச் சாக்கைச் செருகினோம். யோகமலர் அக்கா தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு காவலுக்கு நின்றார். சீமோன் வாகனம் தூக்குகிற ஜக்கை வைத்துப் பிரேமை மட்டமாக உயர்த்தினார். அல்பேட் அண்ணையின் தடிப்பை முதலில் கிரைண்டரால் சீவி எறிந்தார்கள். எனக்கு அந்தச் சத்தம் சங்கீதமாக இருந்தது.

ஒவ்வொரு வெடிப்பின் நுனியிலும் நான் சோக்கட்டியால் புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளியில் பத்மநாதன் அண்ணை ட்ரில்லால் சின்னத் துளை போட்டார்.

"ஏன் அண்ணை ஓட்டை?" என்று சீமோன் கேட்டார்.

"ஓடுற வெடிப்பு உருண்டையான ஓட்டைக்குள்ள விழுந்தால் அதுக்கு மேல ஓட வழி தெரியாது. நிண்டுடும்."

ஒரு துளை போட்ட பிறகு மறுபடியும் மண்ணெண்ணெய், மறுபடியும் திருநீறு. கோடு துளையைத் தாண்டி ஒரு நூல் அளவு போயிருந்தது. "அண்ணை, காணாது. இன்னும் கொஞ்சம் தள்ளி," என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் தள்ளித் துளைத்தார். என் கண்ணும் அவர் கையும் அன்று ஒருவருக்குச் சொந்தமானவைபோல வேலை செய்தன. பிறகு வெடிப்பு நெடுக வாய்க்கால் போலக் குடைந்து, அடிவரைக்கும் இரும்பை உருக்கி நிரப்பினார். ஆறிய பின் மட்டமாக்கி, அதன்மேல் தடித்த தகடு வைத்தார். தகட்டின் இரண்டு முனையையும் கூராக வெட்டியிருந்தார். நீளப் பக்கமாக மட்டும் ஒட்டினார், குறுக்கே ஒட்டவில்லை. குறுக்கே ஒட்டினால் அந்த ஒட்டிலேயே புது வெடிப்பு பிறக்குமாம்.

இதற்கு நடுவில்தான் அல்பேட் அண்ணை வந்து சேர்ந்தார். தன் ஒட்டைச் சீவிவிட்டதைக் கண்டு முகம் சிவந்தது.

"நான் ஒட்டினதை ஏன் வெட்டினனியள்? அது கிடந்தால் போதாதோ? பழைய வெடிப்பு. கிழவன் வைச்சிருக்கேக்கயே வெடிச்சிருக்கும்."

நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். இன்னும் ஒட்டாமல் கிடந்த, சில்லுக்கு மேல் வெடிப்பைக் காட்டினேன்.

"அண்ணை, குனிஞ்சு பாருங்கோ. துடங்கின இடம் கறுத்துப் போய் இருக்கு. அது கிழவரின்ர காலத்து வெடிப்பு. இந்தப் பக்கம் பாருங்கோ, துரு செம்மஞ்சளா இருக்கு. அது போன வருசம் வெடிச்சது. போன வருசம் இது ஒரேயொரு தரம்தான் ஓடினது. அண்டைக்கு ஆர் இழுத்தது?"

 அன்று இழுத்தது அல்பேட் அண்ணையின் வான். லின்ட்ஸேயிலிருந்து திரும்புகிற வழியில் ஒரு பண்ணையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் மலிவு என்ற பலகையைக் கண்டதும் நிறுத்திவிட்டார். மலிவு என்று எழுதிய பலகையைக் கடந்துபோகிற யாழ்ப்பாணத்தவன் இன்னும் பிறக்கவில்லை. தனக்கு, தம்பிக்கு, மச்சாளுக்கு, மார்க்கம் என்ற ஊரில் இருக்கிற சகலனுக்கு என்று மூட்டை மூட்டையாக வாங்கி, எல்லாவற்றையும் ட்ரெயிலரின் வால் பக்கத்தில் அடுக்கினார். நானும் ஒரு மூட்டை வெங்காயம் கேட்டதை மறைக்க விரும்பவில்லை. வழி நெடுக ட்ரெயிலர் வாலை ஆட்டி ஆட்டித்தான் வந்தது. அவர் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினார்.

"உருளைக்கிழங்கோ?" என்று பத்மநாதன் அண்ணை வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டுக் கேட்டார். "வாலில பாரம் ஏத்தினால் பிரேம் சில்லுக்கு மேலதான் முறியும். பாரமெல்லாம் சில்லுக்கு நேர மேல, கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி இருக்கோணும்."

அல்பேட் அண்ணை தலையைச் சொறிந்தார். "அந்தக் கிழங்கு மாசி வரைக்கும் வந்தது," என்று முணுமுணுத்தார். பிறகு சேர்ட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு வந்து ஜக்கைப் பிடித்தார். நானும் அதற்குமேல் கிண்டவில்லை. அவர் பிடித்த பிடி நல்ல பிடிதான்.

ஒட்டு வேலை முடிந்தும் நான் விடவில்லை. சும்மா நிற்கிற இரும்பு எல்லாம் நல்ல இரும்புதான், பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கிடாரத்தையும் அரிசி மூட்டைகளையும் தண்ணீர்க் கலன்களையும் பத்மநாதன் அண்ணை சொன்ன இடத்தில் வைத்துக் கட்டினோம். சீமோன் 401 நெடுஞ்சாலை வழியாக அஜக்ஸ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்த் திரும்பினார். நான் பக்கத்தில் இருந்து கண்ணாடியில் பின்னுக்கே பார்த்துக்கொண்டு வந்தேன். வால் ஆடவில்லை. பெரிய லொறிகள் உரசிப் போகிறபோதுகூட அது நேரே வந்தது.

வாசலுக்கு வந்ததும் ஒருவரும் வீட்டுக்குள் போகவில்லை. நான் மண்ணெண்ணெய் தடவினேன். ஊறவிட்டேன். துடைத்தேன். யோகமலர் அக்கா இந்த முறை தானே பூசப்போவதாகச் சொல்லி, மூன்று இடத்திலும் மூன்று குறி இழுத்தார். எல்லாரும் சுற்றி நின்று அது காய்வதைப் பார்த்தோம். நனைந்த சாம்பல் நிறம் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. 

வெள்ளை. மூன்று இடமும் வெள்ளை. ஒரு மயிர் அளவு கோடுகூட இல்லை. நான் டோர்ச்சைத் திருப்பித் திருப்பி அடித்தேன். கன்னத்தை இரும்பில் ஒட்ட வைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளைதான்.

"நிண்டிட்டுது!" என்று கத்தினேன். "அண்ணை, நிண்டிட்டுது!"

சீமோன் நடுவாசலில் என்னைக் கட்டிப்பிடித்தார். கல்யாணத்தன்றுகூட ஆட்களுக்கு முன்னால் என் கையைத் தொடக் கூசிய மனுஷன். பத்மநாதன் அண்ணை முகமூடியால் விசிறிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல வானத்தைப் பார்த்தார். ஆனால் அவர் மீசைக்குக் கீழே சிரிப்பு நின்றது. யோகமலர் அக்கா குழாயைத் திறந்துவிட்டு எங்கள் எல்லாரையும் நனைத்தார்.

திருநீற்றுக் குறிகளை நான் துடைக்கவில்லை. அப்படியேதான் மிட்லண்டுக்குப் போனோம். வெள்ளிக்கிழமை நானூறாம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கே ஏறும்போது பின் சீற்றில் பிள்ளைகள் இருவரும் இங்கிலிஷும் தமிழும் கலந்து சண்டை பிடித்தார்கள். நான் செபமாலை சொன்னேன். பயத்தில் அல்ல, சந்தோஷத்தில். பத்மநாதன் அண்ணையும் யோகமலர் அக்காவும் தங்கள் காரில் பின்னால் வந்தார்கள். தன் கையால் ஒட்டிய ஒட்டு ஓடுவதைப் பின்னால் வந்து பார்க்கவேண்டுமென்று அவர் சொல்லிவிட்டார்.

திருநாள் மைதானத்தில் எங்கள் ட்ரெயிலரைக் கண்டதும் ஊர்ச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "என்ன அன்ரனெற், வாகனம் சைவமாயிட்டுதோ?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அலுக்கவில்லை.

அன்று பின்னேரம் மழை ஊற்றியது. கூடாரம் அடித்தவர்கள் எல்லாம் சாமான்களைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார்கள். நாங்கள் நாலு பேரும் எங்கள் கூரையின் கீழ் இருந்தோம். மழை தகரத்தில் கொட்டுகிற சத்தத்துக்குள் மகன் என் மடியிலும் மகள் தகப்பனின் தோளிலும் சாய்ந்து நித்திரையாகிவிட்டார்கள். லொட்ஜ் அறையில் அவர்கள் இப்படி நித்திரை கொண்டதில்லை. நான் அசையாமல் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் முன்பு எப்போதும் இருந்ததில்லை.

விடியற்காலையில் மழை விட்டது. ட்ரெயிலரின் பக்கத்துப் படங்கை இழுத்துக் கட்டி, அடுப்பை மூட்டிக் கிடாரத்தை ஏற்றினோம். தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி கொதித்து வாசம் எழும்ப, ஈரத்தில் நடுங்கிய சனம் கோப்பைகளோடு வந்து வரிசையில் நின்றது. நானே அகப்பையைப் பிடித்தேன். ஒருவரிடமும் கொடுக்கவில்லை.

அந்த நேரம் அல்பேட் அண்ணை வந்து என் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். அவர் இந்த வருடம் தன் குடும்பத்துக்கென்று யாரிடமோ ஒரு பழைய ட்ரெயிலரை இரவல் வாங்கி இழுத்து வந்திருந்தார். தம்பி குடும்பம் கூரையின் கீழ் இருக்கத் தான் கூடாரத்தில் இருப்பதா என்று நினைத்திருப்பார். கழுத்தைத் தடவினார், வானத்தைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"அன்ரனெற், வரேக்க வாலை ஆட்டினமாதிரிக் கிடந்தது. அந்தத் திருநீறு கொஞ்சம் மிச்சம் இருக்கோ?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு யோகமலர் அக்காவைப் பார்த்தேன். அவர் கைப்பையைத் திறந்து, ஏற்கெனவே ஆயத்தமாகத் தாளில் மடித்து வைத்திருந்த திருநீற்றுச் சரையை எடுத்து நீட்டினார்.

"பேப்பரை விரிச்சுப் படுங்கோ. கால் படப்படாது," என்றார்.

அல்பேட் அண்ணை போய்ப் படுத்தார். மண்ணெண்ணெய் தடவினார், துடைத்தார், பூசினார், காயும்வரை கீழேயே கிடந்தார். வெடிப்பு இல்லை. ஆனால் திரும்பிப் போகும்போது வாலில் ஒன்றும் ஏற்றுவதில்லை என்று அங்கேயே படுத்தபடி எல்லாருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னார். எழும்பி வந்தபோது வியர்வையைத் துடைத்த கையால் நெற்றி முழுக்கத் திருநீறு. அது தெரியாமல் கோப்பையை எடுத்துக்கொண்டு கஞ்சி வரிசையில் நின்றார். தவக்காலத் தொடக்கத்தில் எங்கள் நெற்றியிலும் சாம்பல் பூசிவிடுகிற பாதர், சரியாக அந்த நேரம் பார்த்து வந்தார்.

"என்ன அல்பேட், விபூதிப் புதன் முடிஞ்சு எவ்வளவு காலம்!"

மைதானமே சிரித்தது. அல்பேட் அண்ணையும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவருடைய கோப்பைக்கு நான் இரண்டு அகப்பை ஊற்றினேன். பிறகு ஒரு கோப்பையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, வரிசையை ஒரு நிமிடம் நிற்கச் சொல்லிவிட்டு, மாதாவின் சுரூபத்தடிக்குப் போனேன். இந்த முறை எனக்குக் கூச்சமாக இருக்கவில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன்.

"தாயே, நாலு பேரும் வந்திட்டம். ஒரே கூரை. கஞ்சி இன்னும் சுடச்சுட இருக்கு."